நின்ற வண்டியும் நிலையச் சோறும்

என் மேசையின் மீது, மைக்கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு சிறிய மண்கலம் இருக்கின்றது. அதன் தோளும் மூடியும் பழுப்பு மெருகு பூசியவை. அடிப்பகுதி மெருகின்றி வெளிறிய மண்ணிறமாக இருக்கும். வயிற்றுப்புறத்தில் ஜப்பானிய எழுத்துக்கள் சில பதிந்துள்ளன. வீட்டுக்கு வருவோர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது எந்தக் காலத்துப் பொருள்? எந்த அகழ்வாய்வில் கிடைத்தது?" என்று கேட்பது வழக்கம். வரலாறு கற்பிப்பவன் வீட்டு மண்கலம் மண்ணுக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள் போலும். உண்மையில் அது ஒரு புகைவண்டி நிலையத்தில் நான் விலைக்கு வாங்கிய பகல் உணவு வந்த பாத்திரம். அதில் பொறித்திருப்பது யோகொகாவா என்னும் அந்நிலையத்தின் பெயரும், உணவு சமைத்த கடையின் பெயருமே. எனினும், அகழ்வாய்வுப் பொருளுக்குரிய மதிப்பை நான் அதற்குக் கொடுத்து வைத்திருக்கிறேன். அதன் காரணத்தைச் சொல்வதே இன்றைய பேச்சு.

வழிப்பயணத்தில் உண்ணும் உணவுக்கு ஆற்றுணா என்று ஒரு பழஞ்சொல் நம் மொழியில் உண்டு. ஆறு என்றால் வழி. வழக்கில் நாம் கட்டுச்சோறு என்கிறோம். ஜப்பானியர் பெட்டியில் அடைத்த உணவைப் பெந்தோ என்பர். நிலையத்துக்கு அவர்கள் மொழியில் எகி என்று பெயர். இரண்டையும் சேர்த்துச் சுருக்கி, நிலையத்தில் விற்கும் கட்டுச்சோற்றுக்கு எகிபென் என்று பெயரிட்டார்கள். வீட்டுக் கட்டுச்சோற்றில் புறப்பட்ட ஊரின் மணம் இருக்கும். எகிபென்னிலோ வண்டி நின்ற ஊரின் மணம் இருக்கும். இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானில் முதல் இருப்புப்பாதை 1872-இல் டோக்கியோவின் ஷிம்பாஷி நிலையத்துக்கும் யோகொஹாமாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. அது மிகக் குறுகிய பாதை. வண்டியில் பசி எடுப்பதற்குள் ஊர் வந்துவிடும். பாதைகள் நீண்ட பிறகுதான் பசி ஒரு பிரச்சினையாயிற்று. 1885 ஜூலை 16-ஆம் நாள் உத்ஸுனோமியா என்னும் ஊருக்குப் பாதை வந்து சேர்ந்தது. அன்று அவ்வூர்ச் சத்திரக்காரர் ஒருவர், உப்பிட்ட பிளம் காயை உள்ளே வைத்துப் பிடித்த சோற்றுருண்டைகள் இரண்டும், சில முள்ளங்கி ஊறுகாய்த் துண்டுகளும் மூங்கில் மடலில் கட்டி, 5 சென் விலைக்கு விற்றார் என்பர். (100 சென் கொண்டது ஒரு யென்.) இதுவே முதல் எகிபென் என்பது பலர் கொள்கை. இல்லை, எங்கள் ஊரே முதல் என்று வேறு நிலையங்களும் வழக்காடுவதுண்டு. அந்த வழக்கில் தீர்ப்புக் கூற நான் முன்வரவில்லை. முதலாவது எது என்ற ஆராய்ச்சியைக் காட்டிலும், ஏன் எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அது தோன்றியது என்னும் கேள்வியே பயனுடையது என்பது என் கருத்து.

விடை எளிது. வண்டிகள் மெதுவாகச் சென்றன, அடிக்கடி நின்றன, நின்றால் நெடுநேரம் நின்றன. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டும். 1889-இல் டோக்கியோவிலிருந்து கோபே வரையில் பாதை முடிந்தபோது, அப்பயணத்துக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் பிடித்தது. உணவுப் பெட்டி இணைத்த வண்டி அந்நாட்டில் 1899-இல்தான் முதன்முதலாக ஓடிற்று. அதுவும் எல்லோருக்கும் எட்டும் உணவன்று. ஆகவே பயணியின் வயிறு நடைமேடையை நம்பியே இருந்தது. கழுத்தில் வார் மாட்டி, மார்பின் முன் ஒரு மரத்தட்டைத் தாங்கி, "பெந்தோ! பெந்தோ!" என்று நீட்டி முழக்கிக்கொண்டு விற்பவர்கள் சன்னல் சன்னலாக வந்தார்கள். வண்டி நகரத் தொடங்கிய பின்னும் மீதிச் சில்லறையைக் கொடுப்பதற்காக வண்டியோடு ஓடுவது அவர்கள் தொழிலில் ஒரு பகுதி. 1889-இல் ஷிஸுவோகா நிலையத்தில் தேநீரையும் விற்கத் தொடங்கினர். தேயிலைக்குப் பேர்பெற்ற நாடு அது. தேநீர் ஊற்றிக் கொடுத்த பாத்திரம் ஒரு சிறு மண்கெண்டி; குடித்த பின் கெண்டி பயணிக்கே சொந்தம்.

சோற்றுருண்டையில் தொடங்கிய இவ்வுணவு விரைவிலேயே வளர்ந்தது. நாடகக் கொட்டகைகளில் இரு காட்சிகளுக்கு நடுவே உண்பதற்காக ஏற்பட்ட ஒரு பெட்டியுணவு உண்டு. வெண்சோற்றோடு மீன், முட்டை, காய்கறி எனப் பல சிறு பண்டங்களை அடுக்கியது. அதனை ஹிமெஜி நிலையத்தில் 1889-இல் முதலில் விற்றதாகக் கூறுவர். 1899-இல் ஓபுனா நிலையத்தில் மேனாட்டு முறையில் ரொட்டித் துண்டுகளுக்கிடையே பன்றியிறைச்சி வைத்தும் விற்றார்கள். ஆயினும், எகிபென்னுக்குத் தனிப்புகழ் தேடித் தந்தவை அந்தந்த ஊருக்கே உரிய உணவுகள்தாம். நிலைய வணிகன் தன் ஊரில் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைப்பதையே சமைத்தான். மியாஜிமாத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள நிலையத்தில் 1901 முதல் கடல் விலாங்கு மீன் சோறு. க்யூஷுத் தீவின் டொஸு நிலையத்தில் 1913 முதல் கோழிக்கறிச் சோறு. டொயாமா என்னும் ஊரில், ஆற்றில் ஏறிவரும் மஸு மீனைப் புளிக்காடி கலந்த சோற்றின்மேல் பரப்பி, மூங்கில் இலை சூழ, வட்டமான மரப்பெட்டியில் வைத்து அழுத்துவர். 18-ஆம் நூற்றாண்டில் ஷோகுன் என்னும் படைத்தலைவருக்குக் காணிக்கையாகச் சென்ற பண்டம் அது என்று மரபு கூறுகின்றது. 1912 முதல் அது நிலையத்தில் கிடைத்தது. ஆட்சித் தலைவனுக்கு அனுப்பிய பண்டத்தை மூன்றாம் வகுப்புப் பயணி சன்னல் வழியே வாங்கித் தின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். அந்நாட்டில் நிகழ்ந்த மாறுதலை விளக்க நான் வகுப்பறையில் பல மணி நேரம் பேசியிருக்கிறேன்; இந்த ஒரு மீன்பெட்டி அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றது.

இனி, இனிப்பில்லாத ஒரு பகுதிக்கு வருவோம்.

ஹொக்கைடோ என்னும் வடதீவில் மோரி என்று ஒரு சிற்றூர் கடற்கரையில் இருக்கின்றது. அவ்வூர் நிலையத்தில் கணவாய் மீனின் வயிற்றில் அரிசியை அடைத்து, வாயைக் குச்சியால் குத்தி மூடி, வேகவைத்து, சோயாச் சாற்றிலும் சர்க்கரையிலும் ஊறவிட்டு விற்பார்கள். ஒரு பெட்டியில் சிறு மீன்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். இன்று ஜப்பான் முழுவதும் பெயர் பெற்ற பண்டம் அது. அது பிறந்த ஆண்டு 1941. சீனத்தில் போர் நான்காண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் டோக்கியோ, ஒஸாகா முதலிய பெருநகரங்களில் அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. அரிசி இல்லை, மோரிக் கடலில் கணவாயோ மிகுதியாகப் பிடிபட்டது. சிறிதளவு அரிசியை மீனுக்குள் இட்டால், வெந்து பெருகி வயிற்றை நிறைக்கும். உண்பவனுக்கும் நிறைவாக உண்டது போன்ற எண்ணம் ஏற்படும். சுவைக்காகக் கண்டுபிடித்த உணவு என்று இன்று உண்போர் நினைக்கக்கூடும். அரிசிப் பற்றாக்குறைக்குக் கண்ட மாற்று அது.

போருக்கும் எகிபென்னுக்கும் உள்ள உறவு அதனினும் பழையது. 1894-இல் சீனத்தோடு போர் மூண்டபோது, ஹிரோஷிமா வரையில் அப்போதுதான் பாதை முடிந்திருந்தது. அவ்வழியே உஜினாத் துறைமுகத்துக்குப் படைகள் சென்றன. அக்காலம் முதலே வண்டி வண்டியாகச் செல்லும் வீரர்களுக்குச் சோறு கட்டிக் கொடுக்கும் வேலை நிலைய வணிகர்களுக்கு வந்தது. பலர் அதனால் செழித்தார்கள். 1939-இல் அரசு மாதந்தோறும் முதல் நாளைச் சிக்கன நாளாக்கியபோது, வெண்சோற்றின் நடுவே சிவந்த பிளம் காய் ஒன்றை மட்டும் வைத்த பெட்டி நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. வெள்ளைப் பரப்பில் சிவப்பு வட்டம், அந்நாட்டுக் கொடியைப் போல. பிறகு அந்த வெண்சோறும் குறைந்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கு அதன் இடத்துக்கு வந்தது.

இச்செய்திகளை இன்று நாம் அறிவதற்கு உதவுவன, உணவுப் பெட்டியின்மேல் சுற்றிவந்த காகிதங்கள். சிலர் அவற்றை எறியாமல் சேர்த்து வைத்தார்கள். எல்லோரும் எறிந்துவிடும் காகிதத்தை எடுத்து வைப்பவரைப் பித்தர் என்று அவர் வீட்டார் சொல்லியிருப்பர். வரலாற்று மாணவர்கள் அந்தப் பித்தர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். அக்காகிதங்களில் அவ்வூர் மலையும் அருவியும் கோயிலும் வண்ணப்படமாக இருக்கும். போர்க்காலத்துக் காகிதங்களிலோ படங்கள் மறைந்து, சேமிப்பையும் சிக்கனத்தையும் வற்புறுத்தும் வாசகங்கள் வந்துவிடும். அமைதிக்காலத்துக் காகிதங்கள் பலவற்றில் ஒரு வேண்டுகோளும் உண்டு: காலிப் பெட்டியைச் சன்னல் வழியே எறியாமல் இருக்கைக்கு அடியில் வையுங்கள் என்பது. எழுதி வேண்டியிருக்கிறார்கள் என்றால், மக்கள் எறிந்தார்கள் என்று பொருள். நட்ஸுமே சோசெகி 1908-இல் எழுதிய சன்ஷிரோ என்னும் புதினத்தின் தொடக்கத்தில், கதைத்தலைவனான இளைஞன் உண்டு முடித்த பெட்டியை ஓடும் வண்டியிலிருந்து வீசுகிறான். மூடி காற்றில் திரும்பிவந்து பக்கத்துச் சன்னலோரம் இருந்த பெண்ணின் முகத்தருகே பறக்க, அவன் நாணிப்போகிறான். புதினமும் காகிதமும் ஒன்றற்கொன்று சான்று கூறுகின்றன.

என் மேசைக் கலத்தை நான் மறக்கவில்லை. யோகொகாவா டோக்கியோவுக்கு வடமேற்கே, உஸுயிக் கணவாயின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். டகஸாகி நகரிலிருந்து அங்கே 1885-இல் பாதை வந்து சேர்ந்தது, வந்து, நின்றுவிட்டது. எதிரே மலை. மேலே உள்ள கருயிஸாவா ஊர் 11 கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் 550 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. சில ஆண்டுகள் குதிரை இழுக்கும் வண்டிகள் அந்த இடைவெளியைக் கடந்தன. 1893-இல் 26 குகைவழிகளையும் 18 பாலங்களையும் கொண்ட பாதை அமைந்தது. அந்த வேலையில் ஏறத்தாழ 500 பேர் உயிர் நீத்தனர் என்பர். 15 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் ஏறும் அப்பாதையில் சாதாரண எஞ்சினின் சக்கரம் வழுக்கும். ஆகையால் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்வி ஏறுமாறு செய்தனர். ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கண்ட முறை அது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைவண்டியில் சென்ற நேயர்கள் அதே முறையைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். 1899-இல் திறந்த நம் நீலகிரிப் பாதை அதனினும் செங்குத்தானது.

மலையேறுமுன் ஒவ்வொரு வண்டியும் யோகொகாவாவில் நிற்க வேண்டும். எஞ்சின் மாற்ற வேண்டும். 1963-இல் பற்சட்டங்களை அகற்றிப் புதிய பாதை போட்டார்கள். அப்போதும் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இரண்டு மின் எஞ்சின்களை இணைக்க வேண்டியிருந்தது. எத்தனை விரைவு வண்டியாயினும் அங்கே சில நிமிடங்கள் நின்றே தீர வேண்டும். அந்தச் சில நிமிடங்களே அவ்வூரின் செல்வம்.

ஆனால் செல்வம் கையில் சேரவில்லை. 1950-களில் அந்நிலையத்து உணவுக்கடை தளர்ந்திருந்தது. பயணிகள் பலரும் வேறு நிலையங்களிலேயே வாங்கி உண்டுவிட்டு வந்தார்கள். கடையின் தலைவி டகமிஸாவா மினெஜி என்னும் அம்மையார். கணவர் மறைந்த பிறகு பொறுப்பேற்றவர். அவர் நின்ற வண்டிகளில் இருந்தவர்களிடம் சென்று, உங்களுக்கு எத்தகைய உணவு வேண்டும் என்று கேட்டார். பெட்டிச்சோறு ஆறிப்போனது, எங்கும் ஒரே மாதிரியானது, சூடாக ஏதாவது வேண்டும் என்பதே பலருடைய விடை. ஆறின சோற்றையே எகிபென் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. மஷிகோ என்னும் குயவர் ஊரின் மண்கலம் சூட்டைத் தாங்கி வைக்கும் என்று கண்டு, 1958-இல் அக்கலத்திலேயே சோறு விற்கத் தொடங்கினார். சுவையூட்டிய சோற்றின்மேல் கோழிக்கறி, மூங்கில் குருத்து, கோபோ என்னும் வேர்க்கிழங்கு, காளான், காடை முட்டை, செஸ்ட்நட் கொட்டை, பச்சைப் பட்டாணி, செந்நிற இஞ்சி ஊறுகாய், இவற்றோடு இனிப்பான ஆப்ரிகாட் பழம் ஒன்று. முதலில் ஐயுற்றவர்கள் உண்டு. கனமான மண்சட்டியைப் பயணத்தில் யார் சுமப்பார்கள் என்று. சுமந்தார்கள். பத்திரிகையில் ஒரு குறிப்பு வந்ததும் விற்பனை பெருகிற்று. விற்பவர்கள் வண்டி புறப்படும்போது நடைமேடையில் வரிசையாக நின்று, அது கண்ணுக்கு மறையும் வரை தலைதாழ்த்தி வணங்குவது அந்நிலையத்தின் வழக்கமாகிப் பலராலும் பேசப்பட்டது.

1997 செப்டம்பர் 30-ஆம் நாளோடு அம்மலைப்பாதை மூடப்பட்டது. மறுநாள் அதிவேக வண்டியாகிய ஷின்கான்செனின் புதிய பாதை திறந்தது. அது யோகொகாவாவைத் தொடாமலே மலையைத் துளைத்துச் செல்கின்றது. டகஸாகியிலிருந்து கருயிஸாவாவுக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும்.

இதனை ஓர் ஊரின் துயரம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. நாடெங்கும் நிகழ்ந்தது இதுதான். 1964-இல் முதல் ஷின்கான்சென் ஓடியபோது, அதன் சன்னல்கள் திறக்கமாட்டா. அது நிற்கும் நேரமும் மிகச் சிறிது. பிற விரைவு வண்டிகளுக்கும் நாளடைவில் மூடிய சன்னல்களே வந்தன. சன்னல் திறக்காவிட்டால் மரத்தட்டுக்காரர் யாரிடம் விற்பார்? ஒருவர் பின் ஒருவராக அவர்கள் நடைமேடையை விட்டு மறைந்தார்கள். பல நிலையக் கடைகள் மூடின. எகிபென் வேறிடம் தேடிற்று. டோக்கியோவின் ஷிஞ்ஜுகுவில் கேயோ பெருங்கடை 1966 முதல் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் எகிபென் விழா நடத்தி வருகின்றது. மோரியின் கணவாய்ச்சோறு அங்கே பெரும் விற்பனை ஆகின்றது. 2012 முதல் டோக்கியோ நிலையத்துக்குள்ளேயே ஒரு கடையில் பல ஊர்ப் பெட்டிகளும் கிடைக்கின்றன. வடகோடியின் மீனையும் தென்கோடியின் கோழியையும் ஓரிடத்தில் நின்று வாங்கலாம். அது வசதியே, நானும் வாங்கி உண்டேன், சுவையில் குறையில்லை. ஆயினும் சன்னலுக்கு வெளியே அந்த ஊர் இல்லை.

யோகொகாவாக் கடை மட்டும் எப்படி உயிர் வாழ்ந்தது? மினெஜி அம்மையாரின் காலத்திலேயே, 1962-இல், நெடுஞ்சாலை ஓரத்தில் ஓர் உணவகம் திறந்திருந்தார்கள். வண்டி நிற்காத காலம் வந்தபோது, மோட்டார் காரும் பேருந்தும் அங்கே நின்றன. வருங்காலத்தை அறிந்துதான் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஏதோ ஒன்று எங்கேயாவது நிற்கும், அங்கே சோறு வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள்.

நான் அங்கே சென்றது டகஸாகியிலிருந்து புறப்படும் சிறு வண்டியில். அரை மணி நேரப் பயணம். யோகொகாவாவில் தண்டவாளம் முடிந்துவிடுகின்றது. மேலே செல்வோர் பேருந்தில் ஏற வேண்டும். பழைய எஞ்சின்களை அருகிலுள்ள பூங்காவில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பற்சட்டப் பாதையின் ஒரு பகுதி இப்போது நடைபாதை. செங்கல் பாலங்கள் காட்டுக்கு நடுவே நிற்கின்றன. நிலையத்துக் கடையில் கலத்தை வாங்கினேன். விற்ற மூதாட்டி அதை இரு கைகளாலும் நீட்டினார். சூடு என் உள்ளங்கைக்கு எட்டிற்று. நடைமேடை விசுப்பலகையில் அமர்ந்து, மலையைப் பார்த்தவாறே உண்டேன். திரும்பும் வண்டிக்கு நேரம் இருந்தது. என்னோடு அங்கே உண்டவர்களில் எவரும் அவசரப்படவில்லை. ஆப்ரிகாட் பழத்தைக் கோழிக்கறிக்கு முன் உண்பதா, பின் உண்பதா என்று தெரியாமல், பக்கத்தில் இருந்த பள்ளிச் சிறுவனைப் பார்த்துக் கடைசியில் உண்டேன். அவன் அதைத் தொடாமலே வைத்துவிட்டான் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

கலத்தைக் கழுவி, துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். ஒருவருக்குப் போதிய அரிசியை அதிலேயே வேகவைக்கலாம் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். சென்ற மாதம் என் பேத்தி அதைச் சோதித்துப் பார்த்தாள். முதல் முறை அடிப்பிடித்தது. இரண்டாம் முறை நெருப்பைக் குறைத்து, மூடியின்மேல் ஒரு கல்லை வைத்தாள். சோறு நன்றாக வந்தது. கல்லை எடுக்க மறந்து மூடியைத் தூக்கியதில், விளிம்பில் ஒரு சிறு துண்டு உடைந்துபோயிற்று. உடைந்த துண்டை நான் கலத்துக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன்.